இணைப்பின் தோற்ற நாடு

இணையத்தில் நுழையும் ஒருவர் எந்த நாட்டில் இருக்கிறார் என்று கணிக்க, இணையதளங்கள் முதலில் பார்ப்பது அவருடைய ஐபி முகவரியை. வேறொரு நாட்டின் முகவரி தெரியும்படி இணைப்பை அந்த நாட்டு சர்வர் வழியாகத் திருப்பிவிட்டால், அதுவே இணைப்பின் தோற்ற நாடாகிவிடும். இதற்கு விபிஎன், பிராக்ஸி, டோர் ஆகியவை பயன்படுகின்றன.

ஐபி எண்ணில் நாட்டின் பெயர் ஏதும் இல்லை. உலகின் 5 மண்டலப் பதிவகங்கள் முகவரிகளைத் தொகுதி தொகுதியாகப் பிரித்துக் கொடுக்கின்றன. இந்தியாவும் இலங்கையும் பிரிஸ்பேனிலுள்ள ஏப்னிக் பதிவகத்தின் கீழ் வருகின்றன. எந்தத் தொகுதி எங்கே புழங்குகிறது என்பதை மேக்ஸ்மைண்ட் போன்ற நிறுவனங்கள் ஊகித்துத் தரவுத்தளமாக விற்கின்றன. இந்த ஊகத்தை உண்மையென்று நம்பியதால் நேர்ந்த கொடுமை ஒன்று உண்டு. அமெரிக்கா என்பதற்கு மேல் இடம் தெரியாத 60 கோடிக்கும் அதிகமான முகவரிகளுக்கு மேக்ஸ்மைண்ட் கான்சாஸ் மாநிலத்தில் ஒரே புள்ளியைக் குறித்திருந்தது. அங்கிருந்த பண்ணை வீட்டுக்குக் காவலர்களும், இணையத்தில் பணம் பறிகொடுத்தவர்களும் ஆண்டுக்கணக்கில் வந்து நின்றார்கள். 2016-இல் செய்தி வெளியான பிறகுதான் அந்தப் புள்ளியை ஓர் ஏரிக்கு மாற்றினார்கள்.

விபிஎன் செயலியில் காட்டும் நாட்டில்தான் சர்வர் இருக்கும் என்பதும் இல்லை. விபிஎன் நிறுவனங்கள் வாடிக்கையாளர் விவரங்களை 5 ஆண்டுகள் சேமித்து வைக்க வேண்டும் என்று இந்தியாவின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று உத்தரவிட்டது. அதை ஏற்காத எக்ஸ்பிரஸ்விபிஎன் ஜூனில் தன் இந்திய சர்வர்களை அகற்றிவிட்டு, சிங்கப்பூரிலும் பிரிட்டனிலும் உள்ள சர்வர்களிலிருந்தே இந்திய முகவரிகளை வழங்கியது.

டோர் வலையமைப்பு இணைப்பை வழக்கமாக மூன்று கணினிகள் வழியாகச் சுற்றி அனுப்புகிறது. தளத்துக்குத் தெரிவது கடைசிக் கணினியின் முகவரி மட்டுமே. அமைவுக் கோப்பில் இரண்டெழுத்து நாட்டுக் குறியீட்டை எழுதி, அந்தக் கடைசிக் கணினி எந்த நாட்டில் இருக்க வேண்டும் என்று வரையறுக்கலாம். ஆனால் டோர் திட்டத்தினர் இதைப் பரிந்துரைப்பதில்லை. வெளியேறும் வழிகள் குறையக் குறையப் பயனரை அடையாளம் காண்பது எளிதாகும் என்பதால், அவர்கள் சொல்வது சரியே.

இலங்கையில் 2022 ஏப்ரல் 3 அன்று போராட்டங்களை ஒடுக்க அரசு சமூக ஊடகங்களை முடக்கியபோது, மக்கள் விபிஎன் வழியாகவே அவற்றைப் பயன்படுத்தினர். இணைப்பின் நாட்டை மாற்றும் வசதியின் மிக முக்கியமான பயன் இதுவே; பிற நாடுகளுக்கு மட்டுமான படங்களைப் பார்ப்பதெல்லாம் அதற்கு அடுத்ததுதான். நெட்ஃப்ளிக்ஸ் 2016-இலேயே இத்தகைய இணைப்புகளைத் தடுக்கப்போவதாக அறிவித்துவிட்டது.

முகவரி மாறினாலும் கைபேசியின் ஜிபிஎஸ்ஸும் நேர மண்டலமும் மாறுவதில்லை. டிஎன்எஸ் கேள்விகள் விபிஎன்னுக்கு வெளியே கசிந்தால், பயனர் எந்தெந்தத் தளங்களைத் தேடுகிறார் என்பது உள்ளூர் இணைய நிறுவனத்துக்குத் தெரிந்துவிடும். கசிவே இல்லையென்றாலும், இதுவரை அந்த நிறுவனம் பார்த்துவந்ததை இனி விபிஎன் நிறுவனம் பார்க்க முடியும்.