உண்ணிக் காய்ச்சல்: தொட்டுப் பார்க்க வேண்டிய நோய்

மழைக்காலத்திலும் அதைத் தொடரும் குளிர் மாதங்களிலும் தமிழகத்தில் பரவும் காய்ச்சல்களுள் ஒன்று, டெங்கு என்றோ டைபாய்டு என்றோ கருதப்பட்டுப் பலமுறை கவனிக்கப்படாமல் போகிறது. ஸ்க்ரப் டைபஸ் எனப்படும் உண்ணிக் காய்ச்சலே அது. பெயர் ஒத்திருப்பினும் டைபாய்டுக்கும் இதற்கும் தொடர்பில்லை.

ஓரியன்சியா சுட்சுகாமுஷி என்னும் பாக்டீரியா இந்நோயை உண்டாக்குகிறது. புதர்களிலும் புற்களிலும் இருக்கும், கண்ணுக்கு எளிதில் புலப்படாத சிற்றுண்ணிக் குஞ்சுகள் கடிக்கும்போது அது உடலுக்குள் நுழைகிறது. ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதில்லை. களையெடுப்போர், ஆடு மாடு மேய்ப்போர், விறகு பொறுக்குவோர், கழிப்பறையின்றிப் புதர் மறைவை நாடுவோர் ஆகியோர் எளிதில் கடிபடுகின்றனர். நிலமற்ற தலித் குடும்பங்கள் பலவற்றின் அன்றாட வாழ்வு இதுவே.

கடிபட்ட 6 முதல் 21 நாட்களுக்குள் கடுங்காய்ச்சல், தலைவலி, உடல்வலி, இருமல் தோன்றும். சிறுவர்களுக்கு வாந்தியும் வயிற்றுவலியும் வரலாம். கவனியாது விட்டால் மூச்சுத்திணறல், வலிப்பு, மனக்குழப்பம், சிறுநீரகச் செயலிழப்பு வரை சென்று உயிரைப் பறிக்கும்.

கடிபட்ட இடத்தில் பீடி சுட்டது போன்ற கரும்பொருக்கு ஒன்று பலருக்கு உண்டாகும். வலியோ அரிப்போ பெரிதாக இராது, நோயாளியே அறியமாட்டார். அக்குள், தொடையிடுக்கு, மார்பின் கீழ்ப்பகுதி, இடுப்பு ஆகியவற்றிலும், சிறுவர்களுக்குத் தலைமுடிக்குள்ளும் காதின் பின்புறமும் அது மறைந்திருக்கும். எனவே ஆடையை விலக்கி, உடலைத் தொட்டுப் பார்த்தாக வேண்டும். தீண்டாமையின் எச்சம் மருத்துவமனை வரை நீளும் சமூகத்தில், நோயாளியைத் தொடாமலே மாத்திரை எழுதி அனுப்புவது வெறும் அவமதிப்பன்று. உயிரிழப்புக்கும் அது காரணமாகலாம். திரைமறைவோ பெண் செவிலியரோ இல்லாத இடத்தில் பெண்கள் இச்சோதனைக்கு எவ்வாறு உடன்படுவர் என்பதையும் நாம் கேட்க வேண்டும்.

கரும்பொருக்கு இல்லை என்பதால் நோய் இல்லை என்று முடிவுசெய்யக் கூடாது. எலிகளின் மீதுள்ள தெள்ளுப்பூச்சிகளால் வரும் மற்றொரு டைபஸ் காய்ச்சலில் பொதுவாக இப்பொருக்கே தோன்றாது. எலி மிகுந்த குடியிருப்புகளிலும் கிடங்குகளிலும் அதனை நினைவிற்கொள்ள வேண்டும்.

இரண்டையும் டாக்சிசைக்ளின் என்னும் மலிவான மருந்து குணப்படுத்தும். பெரும்பாலோருக்கு 48 மணி நேரத்தில் காய்ச்சல் தணியத் தொடங்கும். பென்சிலின், செஃப்ட்ரியாக்சோன் போன்றவை பயன்தருவதில்லை. உண்ணிக் காய்ச்சல் கண்ட கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசின் தரப்படுகிறது. பற்களில் கறை படியும் என்ற பழைய அச்சத்தால் சிறுவர்களுக்கு டாக்சிசைக்ளினைத் தாமதிக்க வேண்டியதில்லை என்பதே இன்றைய மருத்துவ நிலைப்பாடு. நோய் முற்றியவர்களுக்கு இவ்விரு மருந்துகளையும் சேர்த்து நரம்பின் வழியே செலுத்துவது கூடுதல் பயன் தருவதை, வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் தலைமையில் நடந்து 2023இல் வெளியான ஆய்வு காட்டியது.

ஐஜிஎம் எலைசா என்னும் இரத்தப் பரிசோதனை முதல் வாரத்தில் நோயைக் காட்டாமல் போகலாம். ஆகவே வலுவான ஐயம் எழுந்தாலே சிகிச்சையைத் தொடங்குவது மருத்துவ நடைமுறை.

காய்ச்சல் கண்டவருடன் மருத்துவமனைக்குச் செல்லும் தோழர்கள் மூன்றைச் செய்யலாம். அவர் செய்யும் வேலையையும் வசிக்கும் இடத்தையும் மருத்துவரிடம் கூறுங்கள். உடல் முழுவதையும் பரிசோதிக்கக் கோருங்கள். ஐந்து நாட்களைக் கடந்த காய்ச்சலெனில், உண்ணிக் காய்ச்சலாக இருக்குமோ எனப் பெயர் சொல்லிக் கேளுங்கள். தொட்டுப் பரிசோதிக்கப்படுவது நோயாளியின் உரிமை.