எரிந்த கட்சி, எரியாத கட்சி: மோட்டார் சைக்கிளின் ‘செவ்வியல்’ குறித்துச் சில குறிப்புகள்

1

மாசி மாதத்துக் காமன் பண்டிகையில் தஞ்சை வட்டாரத்து ஊர்களில் லாவணி நடக்கும். சிவனின் நெற்றிக்கண் பட்டு மன்மதன் எரிந்தே போனான் என்று ஒரு கட்சி, எரியவில்லை என்று இன்னொரு கட்சி. டேப்பு அடித்துக்கொண்டு விடிய விடியப் பாட்டிலேயே கேள்வி, பாட்டிலேயே பதில். மராட்டியர் ஆட்சியோடு வந்து தமிழில் ஊன்றிக்கொண்ட வடிவம் இது. ஒரு கட்சி தீர்மானமாக ஜெயித்துவிட்டால் அடுத்த வருஷம் பாடுவதற்கு ஒன்றும் இருக்காது. ஆகவே வழக்கு முடியாமல் பார்த்துக்கொள்வதில் இரண்டு கட்சிக்கும் சம அக்கறை உண்டு.

மந்தாரக்குப்பத்தில் நான் வழக்கமாக உட்காரும் டீக்கடையில், சுரங்கத்திலும் அனல்மின் நிலையத்திலும் வேலை பார்த்து ஓய்வுபெற்ற மூன்று பேர் நடத்தும் விவாதத்தை லாவணி என்றுதான் என்னால் வகைப்படுத்த முடிகிறது. பொருள் ஒன்றே ஒன்று: பழைய மோட்டார் சைக்கிள்களில் எது பெரிது? ஒருவர் புல்லட் கட்சி. ஒருவர் ஜாவா கட்சி. மூன்றாமவர் கொஞ்சம் இளையவர், யமஹா ஆர்.எக்ஸ். 100 கட்சி.

“நான் தெருமுனை திரும்புறப்பவே வீட்ல உலை வச்சிருவாங்கய்யா. சத்தத்துலயே ஆளு தெரியும்” என்பார் புல்லட்காரர்.

“நீ வர்றது சத்தத்துல தெரியும். போனது எதுல தெரியும்? ரோட்ல ஒழுகிக் கெடக்குற ஆயில்ல தெரியும்” என்பார் ஜாவாக்காரர்.

“ஒழுகுனாத்தான்யா உள்ள ஆயில் இருக்குன்னு அர்த்தம்.”

“ஒரே கம்பி. அதுலயே உதைப்பேன், அதையே முன்னால மடிச்சு கியர் போடுவேன். உனக்கு உதைக்க ஒண்ணு, கியருக்கு ஒண்ணு, நியூட்ரலத் தேட ஒண்ணு. வண்டியா, பொட்டிக் கடையா?”

ஆர்.எக்ஸ்.காரர் டம்ளரைக் கீழே வைப்பார். “நீங்க பேசி முடிங்க. அதுக்குள்ள நான் வடலூர் போயி ஒரு டீ குடிச்சிட்டு வந்துர்றேன்.”

இதை அரட்டை என்று ஒதுக்கிவிட்டுப் போகலாம். ஆனால் ஒரு பண்டத்தைச் ‘செவ்வியல்’ ஆக்குவது எது, ஆக்குகிறவர் யார் என்ற கேள்வி இந்த அரட்டைக்குள் இருக்கிறது. தமிழ் எம்.ஏ. படித்தவனுக்குப் பழக்கமான கேள்விதான். 2004இல் தமிழைச் செம்மொழியாக அறிவித்தபோது பிரதிகளின் வயது ஒரு தகுதியாகக் கணக்கிடப்பட்டது. ஆயிரம் ஆண்டு என்று முதலில் வைத்த வரம்பை மறு வருஷமே ஆயிரத்து ஐந்நூறுக்கு மேல் உயர்த்தினார்கள். வயதை வைத்துத் தகுதியை அளக்கும் பழக்கம் மோட்டார் சைக்கிளுக்கும் வந்திருக்கிறது. வயது மட்டும்தானா என்பதே என் சந்தேகம்.

2

கொஞ்சம் பின்னால் போகலாம். இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து என்ஃபீல்டு கம்பெனி தன் முதல் மோட்டார் சைக்கிளை 1901இல் செய்தது. ‘புல்லட்’ என்ற பெயர் 1930களில் வந்தது. சுதந்திர இந்தியாவின் ராணுவம் 1950களின் தொடக்கத்தில் 350 சி.சி. புல்லட்டுகள் 800 வேண்டுமென்று ஆர்டர் கொடுத்தது. 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸுடன் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா உருவாயிற்று. தொழிற்சாலை அமைந்தது திருவொற்றியூரில். எல்லாவற்றையும் துறந்த பட்டினத்தார் அடங்கிய அதே ஊரில், பிற்பாடு தமிழன் எதைத் துறந்தாலும் துறக்க மாட்டேனென்ற வண்டி பிறந்தது. முதலில் உதிரிகள் கப்பலில் வந்து இங்கே பூட்டப்பட்டன; 1962 வாக்கில் எல்லாப் பாகங்களும் இங்கேயே வார்க்கப்பட்டன.

ஜாவாவுக்கும் இந்தோனேசியத் தீவுக்கும் சம்பந்தமில்லை. செக்கோஸ்லோவாக்கியாவில் யானெச்செக் என்பவர் 1929இல் ஜெர்மனியின் வாண்டரர் கம்பெனியிடம் உரிமம் வாங்கி மோட்டார் சைக்கிள் செய்தார். அவர் பெயரின் முன்பாதியும் கம்பெனிப் பெயரின் முன்பாதியும் ஒட்டி ‘ஜாவா’ ஆயிற்று. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அது அரசுடைமை. மைசூரின் ஐடியல் ஜாவா தொழிற்சாலை 1961இல் திறக்கப்பட்டது. 1970களில் அதே வண்டிகள் ‘யெஸ்டி’ ஆயின.

இனி நெய்வேலி. 1930களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்துக் கிணற்றில் ஊற்று நீரோடு கரும்பொடியும் சேர்ந்து வந்ததிலிருந்து இவ்வூர்க் கதையைச் சொல்வது வழக்கம். 1956இல் நிறுவனம் பதிவாயிற்று. 1957 மே மாதம் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1961 ஆகஸ்டில் பழுப்பு நிலக்கரி முதன்முதலாக வெளிச்சத்தைப் பார்த்தது. 1962இல் சோவியத் உதவியுடன் கட்டிய அனல்மின் நிலையத்தின் முதல் அலகு ஓடத் தொடங்கிற்று. வருஷங்களைக் கவனியுங்கள்: மைசூரில் ஜாவா, நெய்வேலியில் நிலக்கரி, 1961, திருவொற்றியூரில் முழுப் புல்லட், நெய்வேலியில் மின்சாரம், 1962.

இதைத் தற்செயல் என்று விட்டுவிட முடியாது. வெளியிலிருந்து தொழில்நுட்பத்தை வாங்கு, உள்ளூரில் செய்யப் பழகு, இறக்குமதியை நிறுத்து என்ற ஒரே திட்டத்தின் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் இவை. ஜெர்மானியச் சக்கரம் மண்ணை வெட்டுகிறது, சோவியத் கொதிகலன் எரிக்கிறது, ஷிப்டுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் சைக்கிளில் வர, கையில் கொஞ்சம் காசு சேர்த்த ஒருவர் இங்கிலீஷ் வண்டியிலும் இன்னொருவர் செக் வண்டியிலும் வருகிறார்கள். அணிசேராக் கொள்கையைத் தெரிந்துகொள்ள யாரும் பார்லிமெண்ட் நடவடிக்கைக் குறிப்புகளைப் புரட்ட வேண்டியதில்லை, ஷிப்டு மாறும் நேரத்தில் சைக்கிள் ஸ்டாண்டைப் பார்த்திருந்தால் போதும்.

பிறகு நடந்தது வேடிக்கை. ரெட்டிச் தொழிற்சாலை 1967இல் மூடப்பட்டது. 1970இல் இங்கிலாந்தில் அந்த வண்டியின் உற்பத்தியே நின்றது. திருவொற்றியூரில் நிற்கவில்லை. 1977இல் சென்னையில் செய்த புல்லட்டுகள் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாயின. மூலம் அழிந்து, படி மூலமாகிவிட்டது. அசல், நகல் என்ற படிநிலையைக் கட்டுடைப்பதற்கு நம்மவர்கள் பிரெஞ்சுக்காரர்களைத் தேடிப் போனார்கள். திருவொற்றியூர் ஃபிட்டர்கள் அதை ஷிப்டு கணக்கில் செய்து முடித்திருந்தார்கள்.

1980களில் காட்சி மாறியது. 1984இல் ஓசூரிலிருந்து இண்ட்-சுசுகி, 1985இல் ஹீரோ ஹோண்டா, அதே வருஷம் ஆர்.எக்ஸ். 100. பெட்ரோலை ஊற்று, மூடு, மறந்துவிடு என்ற பொருளில் ஹீரோ ஹோண்டா விளம்பரம் செய்தது. வண்டியை மறக்கலாம் என்பதே அன்று பெரிய செய்தி. புல்லட்டை மறக்க முடியாது. டீகம்ப்ரஷன் கம்பியைப் பிடித்து, ஆம்ப்மீட்டர் முள் நடுவில் நிற்கிறதா என்று பார்த்து, அப்புறம் உதைக்க வேண்டும். தவறினால் அது திருப்பி உதைக்கும். ஐடியல் ஜாவா 1996இல் மூடியது. ஆர்.எக்ஸ். 100 உற்பத்தியும் அதே 1996இல் நின்றது. டூ-ஸ்ட்ரோக் எஞ்சினின் நீலப் புகைக்கு மாசுக் கட்டுப்பாட்டு விதிகளில் இடம் குறைந்துகொண்டே வந்த காலம். புல்லட் மட்டும் கைமாறி, எஞ்சின் மாறி, வலக்காலில் இருந்த கியர் இடக்காலுக்குப் போய், பிழைத்துக்கொண்டது.

புல்லட்காரருக்கு இதுவே பிரம்மாஸ்திரம். “என் வண்டி இன்னும் வருது. உன் வண்டி எங்க?”

ஜாவாக்காரர் அசரவில்லை. “செத்தவனைத்தான்யா சாமியா கும்பிடுவாங்க. மதுரைவீரன் பென்ஷன் வாங்கிக்கிட்டா இருந்தாரு?”

“2018லதான் ஜாவா திரும்ப வந்திருச்சே?”

“அது பேரன். தாத்தா பேர வச்சிருக்கான், அவ்வளவுதான்.”

3

இந்த மூன்று கட்சியாரும் வாய் திறக்காத ஒரு இடம் உண்டு. டீக்கடைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. மெக்கானிக் கடை.

உ.வே.சா. 1887இல் சீவக சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் அச்சேற்றியபோது அவர் கைக்கு வந்தது எழுதிய காலத்து ஓலை அல்ல. ஓலைக்கு ஆயுள் சில நூறு வருஷம். பூச்சி அரிக்கும், முறியும். யாரோ ஒருவர் அதைப் பார்த்து இன்னொரு ஏட்டில் எழுத, அதைப் பார்த்து இன்னொருவர் எழுத, இப்படித்தான் சங்கப் பாட்டு நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறது. புலவனின் பெயர் தெரியும், பதிப்பாசிரியரின் பெயர் தெரியும். நடுவில் ஏடு பெயர்த்து எழுதியவர்களில் பெரும்பாலோர் பெயர் தெரியாதவர்கள். படியெடுக்க ஆள் கிடைக்காத நூல்கள் போய்விட்டன; அவற்றில் எது பெரிது என்று பட்டிமண்டபம் வைக்கக்கூட வழியில்லை.

மெக்கானிக் செய்வதும் இதே காரியம். பாகம் கிடைக்காத காலத்தில் தேய்ந்த புஷ்ஷை லேத்தில் கொடுத்துக் கடைந்து வாங்குவது, அட்டையை வெட்டிப் பேக்கிங் போடுவது, கரி பிடித்த பாயிண்ட்டை உப்புத்தாளில் தேய்ப்பது, சிலிண்டரைப் போர் போட்டுப் பெரிய பிஸ்டனைச் சேர்ப்பது. ஒவ்வொரு தடவையும் வண்டியின் ஒரு பகுதி பெயர்த்து எழுதப்படுகிறது. நாற்பது வருஷத்துப் புல்லட்டில் தொழிற்சாலை செய்தது எவ்வளவு, மெக்கானிக் செய்தது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. ஏட்டில் பாடபேதம் புகுந்தது போல வண்டிக்கு வண்டி பேதம் உண்டு. மூடிய மைசூர் தொழிற்சாலையின் வண்டிகள் இன்னும் ரோட்டில் ஓடுவது இந்தக் கைகளால்தான்.

லைசென்ஸ் ராஜ்யத்துக்காக நான் ஏங்குவதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வண்டிக்குப் பணம் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்த தலைமுறையிடம் அதன் அழகைப் பேசினால் அடி விழும். பற்றாக்குறை பழுதுபார்ப்பைக் கட்டாயமாக்கியது, பழுதுபார்ப்பு ஆயுளைக் கூட்டியது, கூடிய ஆயுளுக்கு நாம் ‘செவ்வியல்’ என்று பேர் வைத்தோம் என்கிறேன். வண்டிக்குள் ஒளிந்திருந்த ஏதோ சாரம் பிற்பாடு வெளிப்பட்டதாக நினைப்பது வசதியான கதையாடல், அவ்வளவுதான்.

எதிர்க்கேள்வி வரலாம். 1962இல் தொடங்கிய முதல் அனல்மின் நிலையத்தையும் 58 வருஷம் பழுதுபார்த்துத்தானே ஓட்டினார்கள்? 2020இல் அதை நிறுத்தியபோது யாரும் ‘செவ்வியல்’ என்று சொல்லவில்லையே? உண்மைதான். மூன்று பேரிடமும் கேட்டேன். புல்லட்காரர்தான் பதில் சொன்னார்: “அதுல நாம வேலை செஞ்சோம் தம்பி. இதுல நாம உக்காந்தோம்.”

4

உட்காருவது என்ற அந்தச் சொல் என்னை வேறு இடத்துக்குக் கொண்டுபோயிற்று. யார் உட்காரலாம்?

டீக்கடை பெஞ்சின் ஓரத்தில் நாலாவதாக ஒருவர் உட்காருவார். ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்தவர், பக்கத்துக் கிராமம், தலித். லாவணியில் சேர மாட்டார், சிரிப்பார். அவர் வண்டி டி.வி.எஸ். 50. ஓசூரில் 1980இல் வெளிவந்த வண்டி. பண்ருட்டிச் சந்தைக்குப் பலாப்பழமும் முந்திரி மூட்டையும் ஏற்றிப் போன வண்டி. ஏரோடு வேலை செய்தவனும் தயிர்க்கூடைக்காரியின் மகனும் முதல்முதலாக வாங்கிய எஞ்சின். எந்தச் செவ்வியல் பட்டியலிலும் அது இல்லை. வேலை செய்யும் வண்டிக்கும் வேலைக்காரனுக்கும் அழகியலில் இடம் ஒதுக்கும் வழக்கம் நம்மிடம் இல்லை.

“நீங்க ஏன் புல்லட் வாங்கல?” என்று கேட்டேன். காசு இல்லை என்று சொல்வார் என எதிர்பார்த்தேன்.

“எங்க ஊர்ல புல்லட் வாங்க காசு மட்டும் போதாது தம்பி” என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸைப் பதவி பார்த்து ஒதுக்கினார்கள். ஜாதி பார்த்துத் தெரு பிரிக்கவில்லை. சேரியிலிருந்து வந்து நிரந்தர வேலையில் சேர்ந்த ஒருவர் அந்த அகலமான ரோட்டில் புல்லட்டை ஓட்டிப் போகலாம். அதே புல்லட்டில் அவர் சொந்த ஊருக்குப் பொங்கலுக்குப் போனால், ஊர்த்தெரு வரும்போது என்ன செய்தார்? இறங்கித் தள்ளினாரா, சுற்றுப் பாதையில் போனாரா, அடித்து ஓட்டினாரா? சைக்கிளில் போகக் கூடாது, செருப்புப் போடக் கூடாது என்று சொன்ன தெருக்கள் தமிழ்நாட்டில் இருந்தன. பழங்கதை என்பவர்களுக்கு: 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டத்தில் புல்லட் ஓட்டிய தலித் கல்லூரி மாணவர் ஒருவர் கைகளில் வெட்டப்பட்டார். இந்த ஜாதியில் பிறந்துவிட்டுப் புல்லட் ஓட்டுவாயா என்று கேட்டே வெட்டினார்கள் என்பது புகார்.

தெருமுனையில் கேட்கும் அந்தச் சத்தத்தை இப்போது வேறு மாதிரி வாசிக்க வேண்டியிருக்கிறது. ஒரு வீட்டில் அது உலை வைக்கச் சொல்லும் செய்தி. இன்னொரு தெருவில் அதே சத்தம் சவால். 346 சி.சி. எஞ்சினின் சத்தத்தில் மாற்றமில்லை. கேட்கிற காது யாருடையது, ஓட்டுகிறவர் யார் என்பதில்தான் அர்த்தம் பிறக்கிறது. எந்த வண்டி பெரிது என்ற கேள்விக்குப் பக்கத்திலேயே, எதில் யார் உட்கார்ந்தால் யாருக்குப் பொறுக்கவில்லை என்ற கேள்வியும் எழுதப்பட வேண்டும். பொறுக்க முடியாத அளவுக்கு ஒரு வண்டிக்கு அர்த்தம் ஏறியிருப்பதும் அதன் செவ்வியல் தகுதியின் ஒரு பகுதிதான். கர்வப்பட ஏற்ற பகுதி அல்ல.

இதையெல்லாம் நான் டீக்கடையில் பேசவில்லை. நாலாமவர் சொன்னதை மற்ற மூவரும் கேட்டுவிட்டார்கள். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. புல்லட்காரர் சாவியை எடுத்து அவர் பக்கம் நீட்டினார். “எடுத்துக்கிட்டு ஒரு ரவுண்டு போயிட்டு வாய்யா.”

அவர் சாவியை வாங்கவில்லை. “உன் வண்டி எனக்கு எதுக்கு? மூணு பேரும் மூணு பலாப்பழத்தக் கட்டிக்கிட்டு பண்ருட்டி வரைக்கும் வாங்க, எது பெருசுன்னு அப்பப் பாப்போம்” என்றார்.

ஜாவாக்காரர் ஒரு டீ அதிகமாகச் சொன்னார். லாவணியில் இப்போது நாலு கட்சி.