துருப்பு கேட்ட பெண்கள்

கேத வீட்டு வாசலில் பந்தலுக்கடியில் விடிய விடிய ரம்மி போடுவது தேனி, கம்பம் பக்கத்து ஆண்களுக்குப் பழகிய வழக்கம். குமுளி தாண்டிக் கேரளத்துக்குள் போனால் ஆட்டம் ‘இருபத்தெட்டு’ ஆகிவிடும். எதிரெதிரே உட்காரும் இருவர் ஒரு கட்சி. ஏலம் கேட்டு, ஜெயித்தவர் துருப்பு வைப்பார். ஜாக்கிக்கு மூன்று புள்ளி. இரண்டு ஜமாவிலும் பெண்களைப் பார்ப்பது அபூர்வம்.

அதே ஜோடி, அதே ஏலம், அதே துருப்புதான் பிரிட்ஜிலும். 2018இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் அது முதன்முதலாகப் பதக்கப் போட்டியானது. கலப்பு அணியில் வெண்கலம் வென்ற இந்தியர் ஆறு பேரில் மூவர் பெண்கள்: கிரண் நாடார், ஹேமா தியோரா, ஹிமானி கண்டேல்வால்.

கிரணுக்கு அப்போது வயது 67. விளம்பர நிறுவனத்தில் வேலை பார்த்தபோது எச்.சி.எல். நிறுவனர் ஷிவ் நாடாரைச் சந்தித்து மணந்தவர். அந்த வகையில் திருச்செந்தூர்ப் பக்கத்து மூலைப்பொழிக்கு மருமகள். 2010இல் டெல்லியில் தன் பெயரில் கலை அருங்காட்சியகம் திறந்தவர் என்றே பலருக்கும் தெரியும். சீட்டு உலகத்தில் அவர் ‘ஃபார்மிடபிள்ஸ்’ அணியின் தலைவி. ஜகார்த்தாவுக்குச் சில மாதங்கள் முன்புதான் ஆஸ்திரேலியாவின் கோல்ட் கோஸ்ட்டில் காமன்வெல்த் பிரிட்ஜ் போட்டியில் அவருடைய அணி தங்கம் வென்றிருந்தது. ஹேமா தியோராவோ ஐம்பதை நெருங்கும் வயதில்தான் இந்த ஆட்டத்தைக் கையிலெடுத்தார்.

நல்ல சீட்டு விழுந்தால் யாரும் ஜெயிக்கலாமே என்பார்கள். அணிப் போட்டியில் அந்தப் பேச்சு எடுபடாது. ஒரு மேசையில் ஆடிய அதே சீட்டுகளை இன்னொரு மேசையிலும் ஆட வைப்பார்கள். அங்கே எதிரணிக்கு விழுந்தது இங்கே நமக்கு. அதிர்ஷ்டம் கழிந்துபோய் ஏலமும் ஞாபகமும் கணக்கும் மட்டும் மிஞ்சும். 1967இல் ரம்மியைத் திறமையாட்டம் என்று சொன்ன உச்ச நீதிமன்றமும், சீட்டு பகிர்வதில் உள்ள தற்செயல் பிரிட்ஜில் இருப்பது போன்றதே என்று பிரிட்ஜைத்தான் அளவுகோலாக வைத்தது.

பிரிட்ஜின் இன்றைய வடிவத்தை 1925இல் ஒரு கப்பல் பயணத்தில் வகுத்தவர் அமெரிக்கரான ஹெரால்ட் வாண்டர்பில்ட். ஆறே ஆண்டில், நியூயார்க்கில் நாடே கவனித்த 150 ரப்பர் (ஆட்டத் தொகுதி) பந்தயத்தில், கணவர் ஈலியின் எதிரே அமர்ந்து ஜோசபின் கல்பர்ட்சன் ஆடினார். கல்பர்ட்சன் தரப்பே வென்றது. அடுத்த தலைமுறையின் ஹெலன் சோபல் மேடையில் கோரஸ் பெண்ணாக ஆடிக்கொண்டிருந்தவர். 1957இல் உலகக் கோப்பையான பெர்முடா பவுலில் அமெரிக்க அணியில் அவர் ஆடினார். நாஜிகளுக்குத் தப்பி 1938இல் வியன்னாவிலிருந்து லண்டன் போன ரிக்ஸி மார்கஸ், 1974இல் உலக கிராண்ட்மாஸ்டர் பட்டம் பெற்ற முதல் பெண்.

ஆனாலும் பெண்களுக்கு இடம் தானாக வரவில்லை. ஜகார்த்தாவில் ஆண்களுக்கு அணிப் போட்டி தனியாக இருந்தது. பெண்களுக்கு ஜோடிப் போட்டி மட்டுமே. அணியாக ஆடக் கலப்புப் பிரிவுகளே வழி. 2023இல் ஹாங்சோவில்தான் பெண்கள் அணிப் போட்டி ஆசிய விளையாட்டுப் பட்டியலில் ஏறியது.