நெப்போலியனின் விடுதலை அறிக்கையும் அல்ஜபர்தீயின் வாசிப்பும்

ஹிஜ்ரி 1213, முஹர்ரம் மாதம், கி.பி. 1798 ஜூலை. அலெக்சாந்திரியாவில் படையுடன் கரையிறங்கிய நெப்போலியன், எகிப்து மக்களுக்கு அரபு மொழியில் ஓர் அறிக்கை விடுத்தார். பிஸ்மில்லாஹ்வைக் கொண்டு அது தொடங்கியது. சுதந்திரம், சமத்துவம் ஆகியவற்றின் மீது நிறுவப்பட்ட பிரெஞ்சுக் குடியரசின் பெயரால் தாம் பேசுவதாகவும், மம்லூக் ஆட்சியாளர்களின் கொடுமையிலிருந்து மக்களை மீட்கவே வந்திருப்பதாகவும், பிரெஞ்சுக்காரர்களும் முஸ்லிம்களே என்றும் அதில் கூறியிருந்தார். எதிர்த்து ஆயுதம் ஏந்தும் ஊர் எரிக்கப்படும் என்ற எச்சரிக்கையும் அதே தாளில்தான் இருந்தது.

கெய்ரோவில் வாழ்ந்த வரலாற்றாசிரியர் அப்துர் ரஹ்மான் அல்ஜபர்தீ இவ்வறிக்கையை, மத்ரஸாவில் நாம் கிதாபு ஓதிக்கொடுக்கும் முறையிலேயே, சொல் சொல்லாகப் பிரித்து ஆராய்ந்தார். 'முஸ்லிமூன்' என்று ரஃப்உ நிலையில் வரவேண்டிய சொல், 'முஸ்லிமீன்' என்று நஸ்பு நிலையில் வந்திருந்தது. நஹ்வு படிக்கும் முதலாண்டு மாணவனும் கண்டுபிடித்துவிடும் பிழை இது. அல்ஜபர்தீ அதோடு விடவில்லை. நஸ்பு என்பதற்கு மோசடி என்ற பொருளும் உண்டல்லவா? இவர்களது இஸ்லாமே நஸ்புதான் என்று குறித்துவைத்தார். அரபு அறிந்தவர்கள் இவ்விடத்தில் புன்னகைக்காமல் கடக்க முடியாது.

அறிக்கையிலிருந்த 'ஹுர்ரிய்யா' என்னும் சொல்லுக்கு அவர் தந்த விளக்கம் இன்னும் கவனிக்கத்தக்கது. மம்லூக்குகள் விலைக்கு வாங்கப்பட்டுப் போர்வீரர்களாக வளர்க்கப்பட்ட அடிமைகளின் வழி வந்த ஆட்சிக் கூட்டத்தினர். தாங்கள் அவர்களைப் போல் அடிமைகள் அல்லர் என்பதே இச்சொல்லின் கருத்து என்றார். அன்றைய அரபு வழக்கில் அச்சொல் அடிமையல்லாத நிலையையே பெரிதும் குறித்தது. அரசியல் உரிமை என்னும் பொருள் பின்னாளில் ஏறியது.

பகைமையால் கண் மறைக்கப்பட்டவர் அல்லர் அவர். மம்லூக்குகளின் கொடுமையையும் எழுதினார். பிரெஞ்சு அறிஞர்களின் நூலகத்தை வியந்தும் எழுதினார்.

அக்டோபரில், சொத்துகளின் மீது புதிய வரி விதிக்கப்பட்டதை அடுத்து கெய்ரோ மக்கள் கிளர்ந்தெழுந்தனர். பீரங்கிகள் அல்அஸ்ஹர் பள்ளியை நோக்கித் திரும்பின. குதிரைப்படை உள்ளே நுழைந்தது. கிப்லாத் திசையில் குதிரைகள் கட்டப்பட்டதையும், கிதாபுகளும் முஸ்ஹஃபுகளும் மிதிபட்டதையும் அல்ஜபர்தீ பதிவு செய்துள்ளார். ஷைகுகள் சிலர் கொல்லப்பட்டனர். 1801இல் பிரெஞ்சுப் படை எகிப்தைவிட்டு வெளியேறியது.

அடுத்த ஆண்டு மே மாதம், பிரான்சின் ஆட்சித் தலைவராகியிருந்த நெப்போலியன், பிரெஞ்சுக் காலனிகளில் அடிமைமுறைக்குச் சட்ட அனுமதி அளித்தார். 1794இல் அதை ஒழிப்பதாக அறிவித்திருந்ததும் அதே குடியரசுதான். ஹுர்ரிய்யாவுக்கு அல்ஜபர்தீ எழுதிய அந்தக் குறுகிய பொருள்கூட அக்காலனி மக்களுக்குக் கிட்டவில்லை.