பற்றாசு: கோல் மார்க்கெட் பின்முற்றத்திலிருந்து ஒரு வரலாற்றுக் குறிப்பு

சென்ற மார்கழியில், ஆய்வேட்டின் நான்காம் இயலை முடித்துத் தந்திருக்க வேண்டிய வாரங்களில், நான் இரும்பைப் பற்றவைக்கக் கற்றுக்கொண்டிருந்தேன். நெறியாளருக்கு இது இதுவரை தெரியாது. இந்தப் பதிவைக் கண்டால் தெரிந்துகொள்வார். கற்றது வெல்டிங் என்றாலும் எழுத வந்தது அதைப் பற்றி மட்டுமன்று. கைத்தொழிலை வீட்டிலிருந்தே கற்பது என்ற எளிய செயலுக்குத் தமிழ்நாட்டு வரலாற்றில் எளிதல்லாத ஒரு பொருள் இருக்கிறது. எனக்கு அது கையில் சூடு பட்ட பிறகே விளங்கியது.

முதலில் இடம். கோல் மார்க்கெட்டில் அம்மாவுக்கு ஒதுக்கப்பட்ட அரசுக் குடியிருப்பின் தரைத்தளத்தில் வசிக்கிறோம். பின்புறம் நான்கு கட்டில் போடும் அளவுக்கு ஒரு முற்றம். நடந்துபோகும் தூரத்தில் 1921இல் கட்டப்பட்ட அந்தப் பன்னிரு பக்கச் சந்தைக் கட்டடம் நிற்கிறது. வட்டமாகத் தோன்றுவதால் 'கோல்'. நெடுங்காலம் பூட்டிக் கிடந்து, அருங்காட்சியகமாக மாற்றும் திட்டத்திற்குள் வந்து சேர்ந்தது. 1911இல் தலைநகர் மாற்றம் அறிவிக்கப்பட்டபின் மாதோகஞ்ச், ஜெய்சிங்புரா, ராஜா கா பஜார் போன்ற பழைய குடியிருப்புகள் அகற்றப்பட்டு, அங்கிருந்தோர் கரோல் பாக்கிற்கு அனுப்பப்பட்டனர். காலியான நிலத்தில் பதவி வரிசைப்படி வீடுகள் எழுந்தன. எந்த அலுவலர் எந்தத் தெருவில், எத்தனை அறையில் வசிப்பார் என்பதைச் சம்பளப் பட்டியலே தீர்மானித்தது. எழுத்தர்களுக்கு வாய்த்த பகுதிகளுள் ஒன்று இது. கோடையில் சிம்லாவுக்கும் குளிரில் தில்லிக்குமாகக் கோப்புகளுடன் இடம்பெயர்ந்த சென்னை மாகாணத்து எழுத்தர்கள் இங்கே ஊன்றினர். பக்கத்து மந்திர் மார்க்கில் இன்றும் இயங்கும் தில்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளி அந்தக் குடியேற்றத்தின் தடயம். எழுதுகோல் பிடித்தவர்களுக்கென வகுக்கப்பட்ட தெருக்கள் இவை. சுத்தியல் பிடித்தவர்களுக்கு இங்கே வீடு ஒதுக்கப்படவில்லை.

அந்தத் தெருவில் அமர்ந்துதான் சுத்தியல் பிடித்தேன்.

ஜி.பி. சாலையின் கீழ்த்தளக் கடைகளில் இருநூறு ஆம்பியர் இன்வெர்ட்டர் எந்திரங்கள் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். ஒரு தலைமுறைக்கு முன்பு பட்டறைகளில் இருந்த தாமிரச் சுற்று மின்மாற்றிகளைத் தூக்க இருவர் வேண்டும். இன்றைய எந்திரத்தை மளிகைப் பைபோலத் தோளில் மாட்டிக்கொண்டு மெட்ரோவில் வரலாம். வீட்டு மின்சாரத்திலேயே ஓடும். இந்த எடைக்குறைவுதான் வீட்டில் பற்றவைக்கும் பொழுதுபோக்காளர் என்ற புதிய வகை மனிதரைச் சாத்தியமாக்கியது. எடை குறைந்ததால் ஆபத்து குறைந்துவிடவில்லை. குடியிருப்பின் பழைய மின்கம்பிகள் முழு ஆம்பியரைத் தாங்கமாட்டா. இரண்டரை மில்லிமீட்டர் ராடுக்கு எண்பது ஆம்பியரளவில் நின்றுகொண்டேன். அதற்கே முதல் நாள் இருமுறை மின்சாரம் துண்டித்தது.

கற்பித்தவர் பஞ்ச்குயின் சாலைப் பக்கம் கிரில் கதவு செய்யும் ஒருவர். மேற்கு உத்தரப் பிரதேசத்தின் சைஃபி சமூகத்தவர். இரும்பும் மரமும் குலத்தொழிலாகக் கொண்ட முஸ்லிம்கள். நான் அவரை 'உஸ்தாத்ஜி' என்பேன். அவர் என்னை 'பேட்டி' என்பார், சினம் வந்தால் மட்டும் 'டாக்டர் சாஹிபா'. பட்டம் வாங்குமுன் அப்படி அழைக்கக் கேட்பது தனி வேதனை. அவருடைய பாடத்திட்டத்தில் முதல் மூன்று நாளும் இணைப்பு கிடையாது. பழைய தகட்டின்மேல் கோடு இழுக்க வேண்டும். ராடின் முனைக்கும் தகட்டுக்கும் இடையே ராடின் தடிப்பளவு இடைவெளி. அதைவிட நெருங்கினால் ஒட்டிக்கொள்ளும், விலகினால் சிதறும். சரியான இடைவெளியில் பக்கோடா பொரிகிற சத்தம் வரவேண்டும். கண்ணை நம்பாதே, காதை நம்பு என்றார். இரண்டாம் நாள் முகமூடியை இறக்குமுன் ஒரே ஒரு கணம் வில்லொளியைப் பார்த்துவிட்டேன். நள்ளிரவில் இரு கண்ணிலும் மணலை அள்ளிப் போட்டதுபோல் எரிந்தது. புறஊதாக் கதிர் கருவிழியின் மேற்பரப்பைப் பொசுக்குவதால் வருவது அது. மணிக்கணக்கில் தாமதித்தே வலிக்கும். ஆகவே செய்த பிழை செய்தபோது தெரியாது. கொட்டகைக்கு வைத்திருந்த துத்தநாகம் பூசிய குழாயைக் காட்டி, 'இதைத் தொடாதே, புகை காய்ச்சல் தரும்' என்றும் எச்சரித்தார். இவை எந்தப் பாடநூலிலும் உண்டு. ஆயினும் பாடநூலில் படித்தபோது நான் அஞ்சவில்லை.

இனி வரலாற்றுக்கு வருவோம். மின்வில் கொண்டு இணைப்பது அண்மைக்காலத்தது. 1880களில் பெனார்தோஸ், ஓல்ஷெவ்ஸ்கி இருவரும் கரிமுனை வில்லுக்குக் காப்புரிமை பெற்றனர். ஸ்லாவியானோவ் உருகும் உலோக முனையைப் புகுத்தினார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுவீடனின் ஆஸ்கர் ஷெல்பெர்க் ராடின்மேல் மேற்பூச்சு பூசினார். நம் கையிலுள்ள ராடு அதன் பேரப்பிள்ளை. ஆனால் உலையில் வெளுக்கக் காய்ச்சிய இரு துண்டுகளை அடித்தே ஒன்றாக்கும் கொல்லர் முறை மிகப் பழையது. அதன் மாபெரும் சான்று இதே நகரில், மெஹ்ரோலியில் நிற்கிறது. ஏறத்தாழ ஏழு மீட்டர் உயரமும் ஆறு டன்னுக்கு மேற்பட்ட எடையும் கொண்ட குப்தர் கால இரும்புத் தூண் வார்க்கப்பட்டதன்று. இரும்புக் கட்டிகளை ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்த்து அடித்தே ஆக்கப்பட்டது. கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகப் பேராசிரியர் ஆர். பாலசுப்ரமணியம் இதை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார். தூணைக் கிடத்திவைத்துப் பக்கவாட்டில் கட்டிகளைச் சேர்த்திருப்பார்கள் என்பதும், இரும்பில் மிகுந்திருக்கும் பாஸ்பரஸே துருவைத் தடுக்கும் மெல்லிய படலத்திற்கு வழிசெய்தது என்பதும் அவர் நிறுவ முயன்றவை. தஞ்சாவூர் பீரங்கி மேட்டிலுள்ள, ஏறத்தாழ எட்டு மீட்டர் நீள நாயக்கர் காலப் பீரங்கியையும் அவர் ஆராய்ந்தார். அதுவும் வார்ப்பன்று. நீண்ட இரும்புப் பட்டைகளை உருளையாக அடுக்கி, மேலே வளையங்களை ஏற்றி அடித்து இணைத்தது. 2009இல் அவர் மறைந்தார். கொல்லர் கைத்திறனை உலோகவியலின் மொழியில் இவ்வளவு பொறுமையுடன் படித்தவர் அரியர்.

தமிழின் சொற்களஞ்சியமும் இத்தொழிலை நெருங்கி அறிந்திருக்கிறது. பற்றாசு என்பது இரு உலோகத் துண்டுகளை இணைக்க இடையே உருக்கி வைக்கும் பொருள். யாப்பிலக்கணத்தார் அதைக் கடன்வாங்கினர். இரு குறள்களை இணைத்து நேரிசை வெண்பா ஆக்கும்போது தனிச்சொல்லுக்கு முன் விழும் இடைவெளியை ஓரிரு அசைகளால் நிரப்புவதற்கு 'ஆசு' என்று பெயரிட்டனர். ஆசிடை நேரிசை என்பது அவ்வாறே வந்தது. 'பொடிவைத்துப் பேசுதல்' என்கிறோமே, அதுவும் தட்டானின் வேலை: இணைப்பில் பொடியிட்டுக் குழலால் ஊதுவது. புலவருக்கும் வம்பருக்கும் சொல் தந்த தொழில், தன்னைப் பற்றித் தானே எழுதிய நூல் மிகக் குறைவு. எழுதத் தேவை இருக்கவில்லை. தந்தை வீட்டில் செய்தார், மகன் பார்த்தான்.

இந்த இடத்தில்தான் நான் தடுக்கி விழுந்தேன்.

என்னுடன் வசிப்பவர் அம்மாவைப் பெற்ற தாத்தா. எண்பது வயது. கும்பகோணத்துப் பக்கம் ஒரு சிற்றூரில் கொல்லர் குடும்பத்தில் பிறந்தவர். இருபத்தொரு வயதில் எழுத்தராகத் தில்லி வந்து, அறுபதில் ஓய்வு பெற்றவர். நான் எந்திரம் வாங்கிய நாள்முதல் அவர் பின்முற்றத்தின் பக்கம் வரவில்லை. வழக்கமாக அங்கே வெயில் காய்வார். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்தார். புகை ஒத்துக்கொள்ளவில்லை என நினைத்தேன். ஒரு மாலை தானாகவே சொன்னார்: 'மூணாம் கிளாஸ்ல மத்தியானம் பள்ளிக்கூடம் கிடையாதும்மா. உலைக்குப் போகணும்.'

அது 1953. இராஜாஜி அரசு கிராமத் தொடக்கப் பள்ளிகளில் கொண்டுவந்த திருத்தியமைக்கப்பட்ட தொடக்கக் கல்வித் திட்டம். பள்ளிநேரம் மூன்று மணியாகச் சுருக்கப்பட்டு, மாணவர் இரு பிரிவாக வருவர். எஞ்சிய பொழுதில் பெற்றோரின் தொழிலை வீட்டில் கற்பர். இருக்கும் ஆசிரியர்களையும் கட்டடங்களையும் கொண்டு இருமடங்கு பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்பது அரசின் வாதம். நிதிநெருக்கடியும் உண்மைதான். எதிர்த்தவர்கள் வைத்த 'குலக்கல்வித் திட்டம்' என்ற பெயரே நிலைத்தது. பெரியாரும் திராவிட இயக்கத்தவரும் மட்டுமன்றிக் காங்கிரசுக்குள்ளிருந்தோரும் எதிர்த்தனர். 1954இல் இராஜாஜி விலகி, காமராசர் பொறுப்பேற்றபின் திட்டம் கைவிடப்பட்டது.

இத்திட்டத்தைக் காந்தியின் 1937ஆம் ஆண்டு வார்தாக் கல்வியோடு ஒரே மூச்சில் சொல்வது நம் கருத்தரங்குகளில் வழக்கமாகிவிட்டது. நான் உடன்படவில்லை. வார்தாத் திட்டத்தில் கைத்தொழில் பள்ளிக்குள் வந்தது. குறைந்தபட்சம் கொள்கையளவில் எல்லாப் பிள்ளைக்கும் ஒரே தக்ளி. 1953இன் திட்டத்தில் பிள்ளை தொழிலிடம் அனுப்பப்பட்டது, அதுவும் அவரவர் பிறந்த தொழிலிடம். தாத்தா இதை என்னைவிடச் சுருக்கமாகச் சொன்னார். அவருடைய வகுப்பில் கணக்கப்பிள்ளையின் மகன் ஒருவன் இருந்தானாம். அவனும் மத்தியானம் வீட்டுக்குப் போனான். அவனுடைய தகப்பனார் தொழிலும் எழுத்துதான்.

நான்காம் வகுப்பில் முழுநாள் பள்ளி திரும்பியது. தாத்தாவின் தந்தை மகனை மறுபடி உலையருகே சேர்க்கவில்லை. கொள்ளுப்பாட்டிதான் துருத்தி ஊதினார். குடும்பத்தின் பழைய கதைகளில் ஆண்களின் சுத்தியல் வரும். அவருடைய துருத்தி வராது. பெண்பிள்ளைகளுக்கு அந்தத் திட்டம் வகுத்திருந்தது தாயிடம் வீட்டுவேலை கற்பது. துருத்தி ஊதுவதும் வீட்டுவேலையில் சேர்ந்ததுதான் போலும்.

இத்தொழிலை வீட்டிலிருந்து வெளியே கொண்டுவந்ததில் போருக்கும் பங்கு உண்டு. 1940இல் போர்க்காலத் தொழில்நுட்பப் பயிற்சித் திட்டம் தொடங்கி, குலம் பாராமல் ஆள் சேர்த்தது. சிலர் பெவின் பயிற்சியாளர்களாக இங்கிலாந்துவரை சென்றனர். அந்தக் கட்டமைப்பின் தொடர்ச்சியாகவே 1950இல் கைவினைஞர் பயிற்சித் திட்டமும், இன்றைய ஐ.டி.ஐ.களும் வந்தன. அவற்றின் தமிழ்ப் பட்டியலில் 'பற்றவைப்பவர்' என்பது ஓராண்டுப் பாடம். எட்டாம் வகுப்புத் தேறிய எவரும் சேரலாம். திருச்சி பெல் ஆலையும், 1975இல் அங்கே உருவான பற்றவைப்பு ஆராய்ச்சி நிலையமும் அந்த ஊரையே வெல்டர்களின் ஊராக்கின. சான்றிதழோடு வளைகுடாவுக்குப் போனவர்களுள் கொல்லர் குலத்தில் பிறவாதோர் ஏராளம். ஒரு தொழில் சாதியிலிருந்து கழன்றுகொண்ட இந்த நிகழ்வைப் பற்றி நம் துறையில் போதிய ஆய்வு இல்லை என்பது என் குறை.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் நிற்பவர் பொழுதுபோக்காளர். கோயம்புத்தூர் ஜி.டி. நாயுடு இளமையில் வெள்ளை அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளை விலைக்கு வாங்கி, பிரித்துப் போட்டுப் பூட்டிப் பழகிய கதையை எல்லோரும் அறிவர். அவருடைய மேதைமையை நான் ஐயுறவில்லை. பிரித்துப் பார்க்க ஒரு வண்டியை வாங்க முடிந்தது என்பதும் அந்தக் கதையின் பகுதி என்றே சொல்கிறேன். உலைக்கூடத்துப் பிள்ளை பிரித்துப் பார்த்தால் அது வேலை. கூலி கேட்பார்கள், அல்லது அடிப்பார்கள். பின்முற்றத்தில் நான் செய்ததற்கு யாரும் கூலி தரவில்லை. பிழையானால் பட்டினியும் இல்லை. உஸ்தாத்ஜியின் மகன் இப்போது நொய்டாவில் கணக்காளர் வேலைக்குப் படிக்கிறான். அவனை எந்திரத்தைத் தொடவிடுவதில்லை என்று பெருமையாகச் சொன்னார். பிறகு என் கையில் ஹோல்டரைக் கொடுத்தார்.

மூன்றாம் வாரம் ஒரு முக்காலி செய்தேன். மூன்று மில்லிமீட்டர் தடிப்புள்ள ஆங்கிளில் மூன்று கால், மேலே ஒரு வளையம். மேற்பூச்சின் கசடைத் தட்டி எடுத்து, கம்பித் தூரிகையால் தேய்த்தபோது இணைப்புகள் பளபளத்தன. வரிவரியாக, படத்தில் பார்த்தது போலவே. படம் எடுத்து நண்பர்களுக்கு அனுப்பினேன். அன்று மதியம் தாத்தா கதவைத் திறந்துகொண்டு வெயிலுக்கு வந்தார். முக்காலியை உட்காரத்தான் கேட்கிறார் என்று நகர்த்திக் கொடுத்தேன். அவர் உட்காரவில்லை. தலைகீழாகத் திருப்பி, கசடு தட்டும் சுத்தியலை வாங்கி, மூன்று இணைப்பையும் ஒவ்வொரு முறை தட்டினார். தலையைச் சாய்த்துக் கேட்டார். இரண்டு கணகணத்தன. மூன்றாவது மட்டும் வேறாக, மண்பானையைத் தட்டியதுபோல் ஒலித்தது.

'இது பிடிக்கல' என்றார். காலை ஒரு திருகு திருகினார். வந்துவிட்டது. முறிந்த இடத்தில் பளபளப்புக்கு அடியில் கறுத்த கசடு உள்ளேயே சிக்கிக் கிடந்தது.

எட்டு வயதில் ஓராண்டு மத்தியானங்கள் மட்டுமே உலையடியில் நின்றவர். அறுபது வயதுவரை கோப்பு எழுதியவர். எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். பதில் சொல்லவில்லை. 'சூடு பத்தலம்மா. திரும்பப் போடு, நான் கேக்கறேன்' என்று சொல்லிவிட்டு, சுவரோரம் இருந்த பிரம்பு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். நான் ஆம்பியரைத் தொண்ணூறுக்கு ஏற்றி, அவருக்கும் ஒரு முகமூடியை எடுத்து நீட்டினேன். வேண்டாம் என்று முதுகைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தார்.