இளமகளிர் கூடைப்பந்தும் தேர்வின் வரலாறும்



சங்கரன்கோவிலிலிருந்து வடக்கே இராசபாளையம் செல்லும் சாலையில் அமைந்துள்ளது கரிவலம்வந்தநல்லூர். யானை வலம்வந்து வழிபட்ட தலம் ஆதலின் இப்பெயர் பெற்றது என்பர். பாண்டி நாட்டின் ஐம்பூதத் தலங்களுள் இது தீயின் தலம். பால்வண்ணநாதரும் ஒப்பனையம்மையும் கோயில்கொண்ட ஊர். திருக்கருவை அந்தாதிகள் பிறந்ததும் இவ்வூரின் பெயரால்தான். இத்தகைய பழம்பதியை முன்னிறுத்திக்கொண்டு, இந்திய நாட்டின் இளமகளிர் கூடைப்பந்தாட்ட அணிக்கு ஆட்டக்காரர்கள் தேர்ந்தெடுக்கப்படும் வரலாற்றைப் பேசப் புகுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். தேர்வின் கதையை நகரத்து அரங்கிலிருந்து சொல்வோர் பலர் உளர். அதே சாலையின் மறு முனையில் நின்று பார்த்தால் என்ன தெரிகிறது என்பதே இன்றைய பேச்சின் நோக்கம்.

தேர்வு என்றவுடன் நம் நினைவிற்கு வருவது, மேசைக்குப் பின்னே அமர்ந்த ஒரு குழுவும், அக்குழு வெளியிடும் 12 பெயர்கள் கொண்ட பட்டியலும் ஆகும். பன்னாட்டுப் போட்டியில் ஓர் அணிக்கு 12 பேரே இடம்பெறலாம் என்பது விதி. பதின்மூன்றாவதாக நின்றவர் விடப்பட்டது ஏன் என்று செய்தித்தாள்களில் பூசல் எழும். என் கருத்தில் அது கடைசித் தேர்வு. மிகச் சிறிய தேர்வும் அதுவே. எந்த ஊரில் ஆடுகளம் உண்டு, எந்த வீட்டார் தம் பெண்ணைப் பந்தாட விடுவர், எவருடைய பிறப்பு முறையாக ஏட்டில் பதிந்துள்ளது என்னும் பெருந்தேர்வுகளெல்லாம் குழு கூடுவதற்குப் பல ஆண்டுகள் முன்னரே, யாரும் கையொப்பமிடாமல், நடந்து முடிந்துவிடுகின்றன.

கூடைப்பந்தாட்டத்தின் பிறப்பு நாம் நன்கறிந்தது. அமெரிக்க நாட்டின் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்பீல்டு நகரில், கிறிஸ்தவ இளைஞர் சங்கத்தின் பயிற்சிப் பள்ளியில் ஆசிரியராக இருந்த ஜேம்ஸ் நெய்ஸ்மித், 1891-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் இதனை வகுத்தார். பனிக்காலத்தில் மாணவர்கள் உள்ளரங்கில் ஆடுவதற்கு ஏதேனும் வேண்டும் என்பதே அவருக்கு இடப்பட்ட பணி. பீச்சுப் பழம் வைக்கும் கூடைகள் இரண்டை மாடத்தின் கைப்பிடியில் அறைந்தார். அம்மாடத்தின் உயரம் 10 அடி. அன்று ஒரு கட்டடத்தில் தற்செயலாக அமைந்த அந்த உயரமே இன்றும் உலகெங்கும் வளையத்தின் உயரமாக இருக்கிறது. நெட்டையான பெண்ணைத் தேடி இன்று பயிற்சியாளர்கள் ஊர் ஊராக அலைவதற்கு அந்த மாடத்தைக் கட்டிய கொத்தனும் ஒரு காரணம் என்று சொன்னால் மிகையாகாது.

அடுத்த ஆண்டிலேயே இவ்வாட்டம் பெண்களிடம் வந்தது. அதே மாநிலத்தில் ஸ்மித் மகளிர் கல்லூரியில் உடற்பயிற்சி ஆசிரியையாக இருந்தவர் செண்டா பெரன்சன் என்னும் அம்மையார். லித்துவேனியாவில் பிறந்து குடிபெயர்ந்தவர். பெண்கள் களமெங்கும் ஓடியாடினால் உடல் தளரும், நளினம் கெடும் என்று அக்காலத்தார் அஞ்சினர். அந்த அச்சத்தோடு மோதாமல், அதற்கு இடங்கொடுத்தே பெண்களை ஆடுகளத்திற்குக் கொணர்ந்தார் பெரன்சன். களத்தை மூன்று பகுதிகளாகப் பிரித்தார். ஒருத்தி தன் பகுதியின் கோட்டைத் தாண்டலாகாது. பிறர் கையிலுள்ள பந்தைப் பறிக்கலாகாது. 1893-ஆம் ஆண்டு மார்ச்சு 22-ஆம் நாள் அக்கல்லூரியின் இரு வகுப்புகளுக்கிடையே ஆட்டம் நடந்தபோது, பார்வையாளராக ஆடவர் அனுமதிக்கப்படவில்லை.

இவ்விதியின் விளைவு ஆழ்ந்து நோக்கத்தக்கது. காப்பாளராக நிறுத்தப்பட்ட பெண் தன் ஆட்டக்காலம் முழுவதும் கூடையில் ஒரு பந்தைக்கூட எறியாமலே இருந்துவிடக்கூடும். அவளிடம் எறியும் திறன் இருந்ததா என்று எவரும் அறிய வழியில்லை. இத்தகைய பிரிவினை அமெரிக்கக் கல்லூரி மகளிரிடையே பல வடிவங்களில் நீடித்து, 1971-இல்தான் ஐவர் முழுக்களத்தில் ஆடும் முறை ஏற்கப்பட்டது. உலக மகளிர் போட்டி 1953-இல் சிலி நாட்டில் தொடங்கியது. ஒலிம்பிக்கில் ஆடவர் கூடைப்பந்து 1936-இல் நுழைந்தது. மகளிர் கூடைப்பந்து நுழைய 1976 வரை நாற்பதாண்டு காத்திருக்க நேர்ந்தது.

நம் நாட்டிற்கு இவ்வாட்டம் வந்ததும் அதே சங்கத்தின் வழியாகத்தான். 1920-இல் சென்னையில் ஹாரி குரோ பக் என்பார் நிறுவிய உடற்பயிற்சிப் பள்ளி, பின்னர்க் கல்லூரியாக வளர்ந்து, தென்னாட்டுப் பள்ளிகளுக்கு உடற்பயிற்சி ஆசிரியர்களைப் பயிற்றி அனுப்பியது. ஊரார் 'டிரில் மாஸ்டர்' என்று அழைத்த அவர்களே பல ஊர்களில் இவ்வாட்டத்தின் முதல் தூதுவர்கள். ஆடவருக்கான தேசியப் போட்டி 1934-இல் டில்லியில் நடந்தது. இந்தியக் கூடைப்பந்தாட்டக் கூட்டமைப்பு 1950-இல் அமைந்தது. கல்வி நிலையங்கள் இருந்த இடங்களில் ஆட்டம் வேரூன்றியது. நெல்லைச் சீமையில் பெண் கல்வி முதலில் தழைத்தது பாளையங்கோட்டையில். சாராள் தக்கர் அம்மையாரின் பெயரால் மகளிர் கல்லூரி அங்கேதான் எழுந்தது. கரிவலம்வந்தநல்லூரிலிருந்து பாளையங்கோட்டைக்கு ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். பெண் பிள்ளை மாலைப் பயிற்சி முடித்து இரவுக்குள் வீடு திரும்பும் தொலைவன்று அது.

மண்ணைப் பற்றியும் ஒரு சொல். சங்கரன்கோவில் வட்டாரத்தின் கரிசல் பருத்திக்கு உகந்தது, கூடைப்பந்துக்கு உகந்ததன்று. பந்தைத் தட்டிக்கொண்டே ஓடுதல் இவ்வாட்டத்தின் உயிர். கோடையில் வெடித்துப் பிளந்தும், மழையில் காலைப் பற்றியும் கிடக்கும் மண்ணில் பந்து எழும்பாது. 28 மீட்டர் நீளமும் 15 மீட்டர் அகலமும் உள்ள கெட்டித் தளம் வேண்டும். இரு கம்பங்கள் வேண்டும். சடுகுடுவிற்கோ ஒரு கோடு கிழித்தால் போதும். நம் சிற்றூர்ப் பெண்கள் சடுகுடுவில் சிறந்து, கூடைப்பந்தில் காணப்படாமைக்கு உடல்வாகு காரணம் என்று சிலர் கூறக் கேட்டிருக்கிறேன். அதனினும் சிமெண்டே பெருங்காரணம் என்பேன்.

இளையோர்க்கெனத் தனிப் போட்டிகள் வகுக்கப்பட்டது பிற்காலத்துச் செய்தி. ஆசிய அளவில் 18 வயதிற்குட்பட்ட மகளிர் போட்டி 1970-இல் சியோலில் தொடங்கியது. 19 வயதிற்குட்பட்ட மகளிர்க்கான உலகப் போட்டி 1985-இல் வந்தது. 16 வயதிற்குட்பட்ட மகளிர்க்கான ஆசியப் போட்டியின் முதல் களம் நம் புனே நகரமே; ஆண்டு 2009. உள்நாட்டில் வயது வாரியாகத் தேசியப் போட்டிகள் நடைபெறுகின்றன. மாநில அணியில் இடம்பெற்று, அங்கே ஆடும்போது கண்ணிற்பட்டவர்கள் பயிற்சி முகாமிற்கு அழைக்கப்பெறுவர். முகாமில் படிப்படியாகக் கழித்து, ஈற்றில் 12 பேர் எஞ்சுவர். ஆகவே மாநில அணியில் இல்லாதவள் நாட்டு அணிக்கு வருதல் அரிது. மாவட்ட அணியில் இல்லாதவள் மாநில அணிக்கு வருதல் அரிது.

வயது வாரியான போட்டி என்றதும் வயதை எவ்வாறு அறிவது என்னும் சிக்கல் எழுகிறது. நம் முன்னோர் காலத்துத் திண்ணைப் பள்ளியில், வலக்கையைத் தலைமேல் சுற்றி இடக்காதைத் தொடச் சொல்வார்கள், தொட்டால் சேர்த்துக்கொள்வார்கள். ஆசிரியரே ஒரு பிறந்த நாளைக் குறித்துக்கொள்ளுதலும் உண்டு. இன்றைய முதியோர் பலருக்கு ஏட்டிலுள்ள பிறந்த நாள் ஒன்று, தாயார் சொல்லும் நாள் மற்றொன்று. பிறப்பைப் பதிவு செய்யும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1899-லேயே இருந்தும், நாடு முழுமைக்கும் 1969-இல் புதிய சட்டம் வந்தும், பதிவு எங்கும் ஒரே சீராக நடந்ததில்லை. இவ்விடைவெளியில் வயதைக் குறைத்துக் காட்டும் வஞ்சனை புகுந்தது. மூத்தவள் ஒருத்தி பொய்ச் சான்றோடு உள்ளே வந்தால், உண்மையில் பதினைந்து வயதினளாகிய ஒருத்தி வெளியே நிற்கிறாள். இதனைத் தடுக்க மத்திய அரசு 2010-இல் ஒரு நெறிமுறையை வகுத்தது. மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பின் முதிர்ச்சியால் வயதைக் கணிக்கும் முறை விளையாட்டு உலகில் பரவியது. காதைத் தொட்ட கை இன்று எக்ஸ்ரே தட்டின்மேல் வைக்கப்படுகிறது! இம்முறையும் பிழையற்றதன்று. எலும்பு முதிர்வது பிள்ளைக்குப் பிள்ளை ஓராண்டு ஈராண்டு முன்பின்னாகும். உணவு குறைந்த பிள்ளைக்கு அது பிந்தும்.

பொய்யே கலவாத இடத்திலும் ஒரு நடுவின்மை உண்டு. பன்னாட்டு விதிப்படி வயதுக் கணக்கு சனவரி முதல் நாளில் தொடங்குகிறது. தையில் பிறந்தவளும் கார்த்திகையில் பிறந்தவளும் ஒரே வயதினராகவே கொள்ளப்படுவர். இடையே ஏறத்தாழ ஓராண்டு வளர்ச்சி. 1985-இல் ரோஜர் பார்ன்ஸ்லி என்னும் அறிஞரும் அவருடைய துணைவர்களும் கனடா நாட்டுப் பனி ஹாக்கி வீரர்களின் பிறந்த மாதங்களை ஆராய்ந்து, ஆண்டின் முற்பகுதியில் பிறந்தோரே மிகுதி என்று காட்டினர். தேர்ந்தவர் திறனைத் தேர்ந்ததாக எண்ணினர், தேர்ந்தது மாதங்களை.

பெண்களிடம் இது மேலும் நுட்பமானது. பெண் பிள்ளை விரைந்து நெடுவளர்ச்சி அடைவது பெரும்பாலும் 12 வயதையொட்டி. முன்னே வளர்ந்தவள் அவ்வயதில் கூட்டத்தில் தலை நிமிர்ந்து தெரிவாள், அவளே தேர்வாள். மூன்றாண்டு கழித்து, பின்னே வளர்ந்தவள் அவளை மிஞ்சக்கூடும். அந்நேரம் அவளைத் தேடுவார் எவரும் இரார். இதனினும் கொடியது ஒன்று. தேர்வுக் குழு தேடும் வயது எதுவோ, அதுவே நம் சிற்றூர்களில் பெண் பெரியவளாகி வீட்டிற்குள் அழைக்கப்படும் வயது. அரைக்கால் சட்டையணிந்து ஆடவர் பார்க்க ஆடலாமா என்னும் வினா அப்போதுதான் எழுகிறது. ஸ்மித் கல்லூரியின் கதவு ஆடவர்க்கு மூடப்பட்டது 1893-இல். இங்கே கதவு மூடப்படுவது பெண்ணுக்கு.

உயரமானவளைக் கண்டு தேர்ந்ததற்கு இருவேறு சான்றுகள் கூறலாம். ஒன்று ஈழத்தினது. கூடைப்பந்தின் தங்கையெனத்தக்க வலைப்பந்தாட்டம் இலங்கைப் பள்ளிகளில் பெண்களின் பேராட்டம். யாழ்ப்பாணப் பகுதியில் பிறந்த தர்ஜினி சிவலிங்கம் 2.08 மீட்டர் உயரம் உடையவர். கண்டோர் வியந்து திரும்பிப் பார்த்த அவ்வுயரம் இலங்கை அணிக்குப் பெருஞ்செல்வமாயிற்று. அவ்வணி 2009-லும் 2018-லும் ஆசிய வாகை சூடியது. உள்நாட்டுப் போர் நடந்த மண்ணிலிருந்து ஒரு தமிழ்ப் பெண் அந்நாட்டின் வலைப்பந்து முகமாக விளங்கினார். மற்றொன்று பிலாய் நகரத்தினது. அங்கே இராஜேஷ் பட்டேல் என்னும் பயிற்சியாளர் எளிய குடும்பத்துப் பெண்களைத் தேடிச் சேர்த்து, உணவும் உறைவிடமும் அளித்துப் பழக்கி, சத்தீசுகர் மாநில அணியைப் பலமுறை வாகை சூடச் செய்தார். அவர் 2018-இல் மறைந்தார். கோவிலின் வாயிலில் காத்திராமல் வீதிவலம் போன தேர்வு அது.

இங்கே கரிவலம்வந்தநல்லூரின் செய்தி ஒன்று நினைவிற்கு வருகிறது. உ. வே. சாமிநாதையர் ஏடு தேடி இவ்வூர்க் கோயிலுக்கு வந்தார். பாண்டிய மன்னர் தொகுத்துவைத்த ஏடுகள் அங்கு இருந்தன என்று கேள்விப்பட்டே வந்தார். அவையெல்லாம் பயனற்ற பழஞ்சுவடிகள் எனக் கருதப்பட்டு, நெய்யில் தோய்த்து ஓமத் தீயில் இடப்பட்டன என்று அறிந்து மனம் நொந்ததைத் தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியுள்ளார். அவ்வேடுகளுள் எவை இருந்தன என்று இனி எவரும் சொல்ல முடியாது. படித்துப் பார்த்துக் கழித்திருந்தால் அது தேர்வு. பாராமலே கழித்தார்கள்.

தமிழ்நாடு இத்துறையில் வறியதன்று. சென்னையில் 1985-இல் பிறந்த அனிதா பால்துரை, பதினாறு வயதளவில், 2001-இல், நாட்டின் முதன்மை மகளிர் அணியில் ஆசியப் போட்டிக்குச் சென்றார். தொடர்ந்து 2017 வரை ஒன்பது ஆசியப் போட்டிகளில் ஆடினார். அணித் தலைமையும் ஏற்றார். 2021-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். தென்னக இரயில்வே அவருக்கு வேலை அளித்தது. வேலை என்னும் இந்த உறுதி, பெண்ணை ஆடவிடத் தயங்கும் தந்தையார்க்கு எத்தனையோ அறிவுரைகளினும் வலியது. 2017-இல் பெங்களூரில் நடந்த ஆசியப் போட்டியில் முதன்மை மகளிர் அணி கசகசுத்தானை 75-73 என வென்று இரண்டாம் பிரிவின் முதலிடம் பெற்றது. அதே ஆண்டில், அதே நகரில், 16 வயதிற்குட்பட்ட அணியும் தன் பிரிவில் வாகை சூடியது. 2001-ஆம் ஆண்டு சனவரி முதல் நாளன்றோ அதற்குப் பின்னரோ பிறந்தவர்களே அதில் ஆடத் தக்கவர்; தமிழ்நாட்டின் புஷ்பா செந்தில்குமார் அவர்களுள் ஒருவர்.

1992-இல் அமைந்த தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம், பெண்களுக்கும் விளையாட்டு விடுதிகளை நடத்தி வருகிறது. தளமில்லாத ஊரின் பெண்ணுக்கு அதுவே நேர்வழி. ஓட்டம், தாவல், உயரம் முதலியன அங்கே அளக்கப்படும்; கூடைப்பந்தையே தொட்டறியாதவளும் அச்சோதனைக்கு நிற்கலாம். அவள் கொண்டுசெல்ல வேண்டியவை பிறப்புச் சான்று, தலைமையாசிரியரின் கடிதம், உடன்வர ஒரு பெரியவர், பேருந்துக் கட்டணம். தேர்வு நாள் முன்னறிவிக்கப்படுகிறது. அவ்வறிவிப்பு தென்காசியிலிருந்து புறப்பட்டு, கரிவலம்வந்தநல்லூர்ப் பள்ளியின் பலகைக்குத் தேர்வு நாளுக்கு எத்தனை நாள் முன்னதாக வந்து சேர்கிறது என்பதைப் பெற்றோர் ஆண்டுதோறும் கேட்டுக் குறித்துவைக்கலாம்.