டிசி-10: பர்மிங்காமில் ஒரு பிரியாவிடை

2014ஆம் ஆண்டு பிப்ரவரி 20 அன்று வங்கதேசத் தலைநகர் டாக்காவிலிருந்து கிளம்பிய டிசி-10 ரக விமானம் ஒன்று குவைத் வழியாக இங்கிலாந்தின் பர்மிங்காம் நகருக்குச் சென்றது. பிமான் பங்களாதேஷ் ஏர்லைன்ஸ் நிறுவனத்துக்குச் சொந்தமான அந்த விமானத்தில் ஏறியவர்களில் பலருக்குப் பர்மிங்காமில் எந்த வேலையும் இல்லை. அவர்கள் விமான ஆர்வலர்கள். உலகில் டிசி-10 பயணிகளை ஏற்றிச் செல்வது அதோடு முடியப்போகிறது என்பதால், அதில் ஒருமுறை உட்கார்ந்து பார்க்க டாக்காவரை போனவர்கள். அடுத்து பிப்ரவரி 22 முதல் 24 வரை மூன்று நாட்கள், அதே விமானம் பர்மிங்காமில் இருந்து எழும்பி, சுமார் ஒரு மணி நேரம் வானில் சுற்றி, மீண்டும் அங்கேயே இறங்கியது. இந்தப் பிரியாவிடைப் பறப்புகளுக்கும் பல நாடுகளிலிருந்து ஆட்கள் வந்தார்கள். எங்கும் போகாத ஒரு பயணத்துக்குக் காசு கொடுத்துச் சீட்டு வாங்கினார்கள்.

அவர்கள் வழியனுப்ப வந்தது எல்லோரும் கொண்டாடிய விமானத்தை அல்ல. கான்கார்டுக்கு இருந்த கவர்ச்சியோ, போயிங் 747க்கு இருந்த கம்பீரமோ டிசி-10க்கு வாய்க்கவில்லை. 1970களின் இறுதியில் அதன் பெயரைக் கேட்டாலே பயணிகள் தயங்கினார்கள். அப்படி ஒரு விமானத்துக்கு இப்படி ஒரு பிரியாவிடை கிடைத்தது எப்படி என்பதைப் பார்க்க அதன் பிறப்பிலிருந்து தொடங்க வேண்டும்.

மூன்றாவது என்ஜின்

1966இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நிறுவனத்தின் பொறியியல் பிரிவைச் சேர்ந்த ஃபிராங்க் கோல்க், விமானத் தயாரிப்பாளர்களிடம் ஒரு கோரிக்கையை முன்வைத்தார். 747 அளவுக்குப் பெரிதாக இல்லாத, ஆனால் அகன்ற உடல் கொண்ட, குறுகிய ஓடுபாதைகளிலும் இயங்கக்கூடிய ஒரு விமானம் வேண்டும் என்றார். அவர் மனதில் இருந்தது இரண்டு என்ஜின் விமானம். ஆனால் மற்ற நிறுவனங்களுக்கு மலைகளையும் கடலையும் கடக்க வேண்டியிருந்தது. அமெரிக்காவில் 1953 முதல் ஒரு விதி இருந்தது. இரண்டு என்ஜின் விமானங்கள், வழியில் ஏதாவது ஒரு விமான நிலையத்திலிருந்து 60 நிமிடத் தொலைவுக்குள்ளேயே பறக்க வேண்டும். ஒன்று பழுதானால் மற்றொன்றை நம்பி இறங்க இடம் வேண்டுமே! 1964இல் மூன்று என்ஜின் விமானங்களுக்கு இந்த விதியிலிருந்து விலக்கு கிடைத்தது. நான்கு என்ஜின்களுக்கு எரிபொருள் செலவு அதிகம், இரண்டுக்குக் கடல் மூடிக்கிடக்கிறது. ஆக, மூன்று என்பது விதியும் கணக்கும் சேர்ந்து கண்டுபிடித்த எண்.

இறக்கைக்கு ஒன்றாக இரண்டு, வாலின் அடிப்பகுதியில் ஒன்று. 1970 ஆகஸ்ட் 29 அன்று கலிஃபோர்னியாவின் லாங் பீச்சில் டிசி-10 முதன்முதலாகப் பறந்தது. 1971 ஆகஸ்ட் 5 அன்று லாஸ் ஏஞ்சலிஸ் - சிகாகோ தடத்தில் பயணிகள் சேவையில் இறங்கியது. அதன் போட்டியாளரான லாக்ஹீட் டிரைஸ்டாரும் 1970 நவம்பரில் பறந்துவிட்டது. (1980களில் ஏர் லங்காவில் பயணம் செய்தவர்களுக்கு டிரைஸ்டார் நினைவிருக்கும்.) தொலைவிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோல் தெரியும். வாலைப் பார்த்தால் வேறுபாடு புரிந்துவிடும். டிரைஸ்டாரில் வால் என்ஜினுக்குக் காற்று வளைந்த குழாய் வழியாக இறங்கி வரும். டிசி-10இல் என்ஜின் ஒரு நேரான குழாய்க்குள், வாலின் குறுக்கே குத்திவைத்ததுபோல் இருக்கும். ஆர்வலர்கள் பலருக்கும் அதன் அழகு அங்கேதான் இருந்தது.

ஒரே சந்தைக்கு ஒரே அளவில் இரண்டு விமானங்கள் வந்ததில் இருவருக்குமே இழப்புதான். லாக்ஹீட் 250 டிரைஸ்டார்களோடு பயணிகள் விமானத் தொழிலையே விட்டுவிட்டது. டிசி-10, அமெரிக்க விமானப்படைக்கான 60 எரிபொருள் நிரப்பும் விமானங்களையும் சேர்த்து, 446இல் நின்றது.

கதவும் தளமும்

அவசரத்தில் செய்த வேலையின் விலை விரைவிலேயே தெரிந்தது. பயணிகள் அறைக்குக் கீழே இருந்த சரக்கறையின் கதவு வெளிப்பக்கமாகத் திறக்கும் வகை. தாழ்ப்பாள்கள் முழுமையாக விழாத நிலையிலும் வெளிக் கைப்பிடியை அழுத்தி மூடிவிட முடியும் என்பது அதன் குறை. 1972 ஜூன் 12 அன்று டெட்ராய்ட்டிலிருந்து கிளம்பிய அமெரிக்கன் ஏர்லைன்ஸ் விமானத்தில், கனடாவின் வின்ட்சர் நகருக்கு மேலே அந்தக் கதவு பிய்த்துக்கொண்டு போனது. கீழறையில் காற்றழுத்தம் சட்டென்று வெளியேற, மேலே இருந்த பயணிகள் அறைத் தளத்தின் ஒரு பகுதி உள்வாங்கியது. கட்டுப்பாட்டுக் கம்பிகள் ஓடியது அந்தத் தளத்தின் அடியில்தான். விமானி பிரைஸ் மெக்கார்மிக், என்ஜின்களின் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் விமானத்தைக் கட்டுப்படுத்தும் பயிற்சியை முன்பே செய்துபார்த்தவர். அதனால் விமானத்தில் இருந்த 67 பேரும் உயிரோடு இறங்கினார்கள்.

பதினைந்து நாள் கழித்து, ஜூன் 27 அன்று, விமானத்தின் உடற்பகுதியைத் தயாரித்துத் தந்த கான்வேர் நிறுவனத்தின் பொறியாளர் டான் ஆப்பிள்கேட் தன் மேலதிகாரிகளுக்கு ஒரு குறிப்பு எழுதினார். கதவு மீண்டும் திறக்கும், தளம் இடிந்துவிழும், விமானம் ஒன்று பறிபோகும் என்பது அதன் சாரம். குறிப்பு மேசையோடு நின்றது. அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமும் கட்டாய ஆணை எதையும் பிறப்பிக்காமல், தயாரிப்பு நிறுவனத்தோடு வாய்மொழி உடன்பாட்டில் விஷயத்தை முடித்துக்கொண்டது.

1974 மார்ச் 3 அன்று பாரிஸில் இருந்து லண்டனுக்குக் கிளம்பிய துருக்கிய ஏர்லைன்ஸ் விமானத்தில் அதே கதவு திறந்தது, அதே தளம் இடிந்தது. எர்மெனோன்வில் காட்டில் விழுந்த அந்த விமானத்தில் இருந்த 346 பேரும் இறந்தார்கள். அதுவரை உலகம் கண்ட விமான விபத்துகளில் மிகப் பெரியது அது. கதவை மூடிய விமான நிலையத் தொழிலாளியின் மேல்தான் முதலில் விரல் நீண்டது. கதவின் மேல் எழுதியிருந்த எச்சரிக்கை ஆங்கிலத்திலும் துருக்கியிலும் இருந்தது. இரண்டும் அவருக்குப் படிக்கத் தெரியாத மொழிகள். அந்த விமானத்தில் கதவுக்கான திருத்தம் செய்யப்பட்டதாகத் தொழிற்சாலைப் பதிவேட்டில் முத்திரை இருந்தது. திருத்தமோ செய்யப்படவே இல்லை. டிசி-10இன் வரலாற்றில் மன்னிக்கக் கடினமான பக்கம் இதுதான். மற்ற விபத்துகளை இதோடு ஒரே தட்டில் வைப்பது சரியாகாது.

எனினும் மக்கள் மனதில் எல்லாம் ஒரே கணக்கில்தான் சேர்ந்தன. 1979 மே 25 அன்று சிகாகோவில் எழும்பிய அமெரிக்கன் ஏர்லைன்ஸ் விமானத்தின் இடது என்ஜின் கழன்று விழுந்தது. 273 பேர் இறந்தார்கள். நேரத்தை மிச்சப்படுத்த என்ஜினையும் அதைத் தாங்கும் பிடிப்பையும் ஒன்றாகவே ஃபோர்க்லிஃப்ட் வண்டியில் வைத்துக் கழற்றிமாட்டிய பராமரிப்பு முறையில் பிடிப்பு விரிசல் கண்டிருந்தது. ஜூன் 6 முதல் ஜூலை 13 வரை அமெரிக்காவின் டிசி-10கள் அனைத்தும் தரையில் நின்றன. அந்த ஆண்டே நவம்பரில் அண்டார்க்டிகாவின் எரபஸ் மலையில் ஏர் நியூசிலாந்து விமானம் மோதி 257 பேர் மாண்டார்கள். அதில் விமானத்தின் பழுது எதுவும் இல்லை. ஆனால் அதுவும் டிசி-10. செய்திக்கு அது போதுமாக இருந்தது.

1989 ஜூலை 19 அன்று நடந்ததை ஆர்வலர்கள் வேறு மாதிரி நினைவில் வைத்திருக்கிறார்கள். யுனைடெட் ஏர்லைன்ஸ் விமானத்தில் வால் என்ஜினின் விசிறித் தட்டு உடைந்து சிதறி, மூன்று ஹைட்ராலிக் அமைப்புகளையும் அறுத்துவிட்டது. திருப்பவோ ஏற்றி இறக்கவோ எதுவும் மிச்சமில்லை. தலைமை விமானி ஆல் ஹேன்ஸும் அவரது குழுவினரும், பயணியாக வந்திருந்த டிசி-10 பயிற்சியாளர் டென்னி ஃபிட்சும் சேர்ந்து, எஞ்சிய இரண்டு என்ஜின்களின் வேகத்தை மட்டும் மாற்றி மாற்றி அதை அயோவாவின் சூ சிட்டி ஓடுபாதைவரை கொண்டுவந்தார்கள். 296 பேரில் 184 பேர் பிழைத்தார்கள்.

பிமான் கைக்கு வந்த கதை

வங்காளியில் 'பிமான்' என்றால் விமானம்தான். நம் சொல்லும் அதுவும் ஒரே வேரிலிருந்து வந்தவை. நாடு விடுதலை பெற்ற சில வாரங்களில், 1972 ஜனவரி 4 அன்று தொடங்கப்பட்ட நிறுவனம் அது. 1983இல் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் கழித்துவிட்ட மூன்று டிசி-10-30 விமானங்களை வாங்கியது. பிறகு ஒன்றைப் புதிதாகவே வாங்கியது. 1988 இறுதியில் லாங் பீச்சிலிருந்து வந்த அந்த எஸ்2-ஏசிஆர் தயாரிப்பு வரிசையில் 445ஆவது, அதாவது கடைசிக்கு முந்தையது. பர்மிங்காமில் சுற்றியதும் இதே விமானம்தான்.

வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போன தொழிலாளர்கள், ஹஜ் பயணிகள், லண்டனிலும் பர்மிங்காமிலும் குடியேறிய சில்ஹெட் வட்டாரத்துக் குடும்பங்கள் என்று அதில் ஏறியவர்கள் வேறு. அவர்களுக்கு வாலில் என்ஜின் நேராக இருக்கிறதா வளைந்திருக்கிறதா என்பது பொருட்டே இல்லை. ஊருக்குப் போகும் வண்டி அது, அவ்வளவுதான். 2007 ஜனவரியில் அமெரிக்காவின் நார்த்வெஸ்ட் நிறுவனம் தன் கடைசி டிசி-10ஐப் பயணிகள் சேவையிலிருந்து விலக்கிய பிறகும் பிமான் ஓட்டிக்கொண்டே இருந்தது. பழைய விமானத்தின் மேலுள்ள பாசம் அதற்குக் காரணம் அல்ல. புதியது வாங்கப் பணமும் முடிவும் தாமதமாயின. 2008இல்தான் போயிங் நிறுவனத்தோடு ஒப்பந்தம் ஆனது. 2011இல் முதல் 777-300ஈஆர் வந்து சேர்ந்தது.

அந்தப் புதிய விமானத்துக்கு என்ஜின் இரண்டுதான். ஒவ்வொன்றும் டிசி-10-30இன் இரண்டு என்ஜின்களைவிடக் கூடுதல் உந்துவிசை தரும். இதற்கிடையே 60 நிமிட விதியும் தளர்ந்திருந்தது. 1985இல் நம்பகமான இரட்டை என்ஜின் விமானங்களுக்கு 120 நிமிடம் என்று எல்லை விரிந்தது, பிறகு இன்னும் விரிந்தது. மூன்றாவது என்ஜினைப் பிறப்பித்த விதி போனதும் மூன்றாவது என்ஜினும் போனது. அதோடு ஒரு வேலையும் போனது. டிசி-10இன் விமானி அறையில் இரண்டு விமானிகளுக்குப் பின்னால் பக்கவாட்டில் ஒரு பலகை நிறைய மானிகளைப் பார்த்துக்கொண்டு மூன்றாவதாக ஒருவர் உட்கார்ந்திருப்பார். அவர் பறப்புப் பொறியாளர். இப்போதைய பயணிகள் விமானங்களில் அந்த இருக்கை கிடையாது.

வந்தவர்கள் யார்?

பிரிட்டனில் விமானம் பார்ப்பது பழைய பழக்கம். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், வருவது நம் விமானமா எதிரியுடையதா என்று நிழலுருவைக் கொண்டே இனங்காணப் பொதுமக்களும் கற்றுக்கொண்டார்கள். அதற்கென்றே 1941இல் ஓர் இதழும் வந்தது. போர் முடிந்தும் பழக்கம் போகவில்லை. வேலிக்கு வெளியே தொலைநோக்கியும் குறிப்பேடுமாய் நின்று பதிவெண்களை எழுதிக்கொள்பவர்களைப் பார்த்துச் சிரிப்பவர்கள் உண்டு. 2001இல் கிரேக்க நாட்டில் அப்படிக் குறிப்பெடுத்த பிரிட்டிஷ், டச்சு ஆர்வலர்கள் உளவாளிகள் என்று கைதாகித் தண்டனையும் பெற்று, மேல்முறையீட்டில்தான் விடுதலை ஆனார்கள்.

அவர்களுக்கு டிசி-10 ஒரு தலைமுறையின் முடிவு. 1933இன் டிசி-1இல் தொடங்கிய டக்ளஸ் வரிசையில் 'டிசி' என்ற எழுத்துகளைச் சுமந்த கடைசி விமானம் அது. அடுத்து வந்த எம்டி-11 பெயரை மாற்றிக்கொண்டது. விபத்துகளின் பட்டியல் அவர்களுக்குத் தெரியாததல்ல. மற்றவர்களைவிட நன்றாகவே தெரியும். அதற்காக யாரும் அந்த விமானத்தைக் குற்றமற்றது என்று சொல்லிவிடவும் முடியாது. கதவு திருத்தப்பட்ட பிறகு அது நாற்பது ஆண்டுகள் பறந்ததும், அதற்கு முன் 346 பேர் போனதும் ஒரே விமானத்தின் கதை.

பிப்ரவரி 24க்குப் பிறகு எஸ்2-ஏசிஆர் டாக்காவுக்குத் திரும்பியது. அமெரிக்க அருங்காட்சியகம் ஒன்றில் வைக்கும் யோசனை கைகூடவில்லை. அதே 2014இல், நவம்பர் 11 அன்று, நெதர்லாந்தின் கேஎல்எம் நிறுவனம் தன் எம்டி-11க்கும் இதேபோல் ஆர்வலர்களோடு விடைகொடுத்தது. சரக்கேற்றவும், காட்டுத்தீயின் மேல் ஒரே வீச்சில் சுமார் 35,000 லிட்டர் தீத்தடுப்புக் கரைசலைக் கொட்டவும் டிசி-10கள் மேலும் சில காலம் பயன்பட்டன. கானாவில் ஒன்று உணவகமாகியது. முதன்முதலில் தயாரான டிசி-10களில் இரண்டாவது, ஓர்பிஸ் அமைப்பின் பறக்கும் கண் மருத்துவமனையாக நாடு நாடாகச் சென்று, இன்று அரிசோனாவின் டூசன் நகரில் உள்ள பீமா விமான அருங்காட்சியகத்தில் நிற்கிறது. பயணிகளைக் கடைசியாக ஏற்றிய 445ஆவது விமானம் டாக்காவிலேயே உடைக்கப்பட்டது.